மனிதர்தான் என்பதை உறுதிசெய்க

எது பொய்க் கணக்கு, எது நிஜ ஆள் என்று பிரித்துச் சொல்வதுதான் சங்கரியின் வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், தறி ஓடும் வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து அதைச் செய்துவந்தாள். ஊர் உலகமெல்லாம் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் பெரிய சமூக வலைத்தளம் ஒன்று. அதற்கு ஒப்பந்தத்தில் ஆள் கொடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்று. அந்தக் கம்பெனி கூரியரில் அனுப்பிய லேப்டாப்பைக் காலையில் திறந்தால், இயந்திரம் சந்தேகப்பட்டு ஒதுக்கிவைத்த தமிழ்க் கணக்குகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பார்த்துவிட்டு ஆள் என்றோ ஆள் இல்லை என்றோ அழுத்த வேண்டும்.

அவளுக்கு அது கைவந்துவிட்டது. நேற்றுத் தொடங்கிய கணக்கில் ஊர்ப்பட்ட நண்பர்கள் இருந்தால் சந்தேகம். சிரிக்கிற பெண்ணின் படம் ஒன்றே நாலு பெயர்களில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். யாரோ தன் அப்பா இறந்த செய்தியைப் போட்டிருப்பார், அதன் கீழே 'சூப்பர் சார்' என்று ஒரு கணக்கு எழுதும். அதே நிமிடத்தில் அதே 'சூப்பர் சார்' ஒரு பிறந்தநாள் படத்துக்கும் ஒரு பிரியாணிக் கடை விளம்பரத்துக்கும் போயிருக்கும். நாலு நாள் இப்படிப் பழகிவிட்டு ஐந்தாம் நாள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று ஒரு லிங்க்கைத் தள்ளும். சங்கரி அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

வேலை பிடித்திருந்ததா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்க ஆளும் இல்லை. கல்யாணமாகிச் சில வருடத்திலேயே அது முறிந்து, சென்னையிலிருந்து அம்மாவிடம் திரும்பி வந்தவள். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டை விற்றுக்கொண்டு ஒரகடம் பக்கம் குடிபோனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேசுவார். கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் விடிந்தால் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். கம்பெனியின் வாராந்தரக் கூட்டத்தில் எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். முதல் கூட்டத்திலேயே குழுத் தலைவன் விமல்ராஜ், "சங்கரி மேம், உங்க பக்கம் ஏதோ டக்டக்குனு சத்தம் வருது, மியூட்ல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டான். கீழே ஓடும் தறியின் சத்தம் அது. அதிலிருந்து அவள் மியூட்டிலேயே இருந்தாள். தூத்துக்குடியிலிருந்து வேலை செய்யும் லில்லி மட்டும் எப்போதாவது, "சங்கரி அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்பாள். சங்கரி ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி வைப்பாள்.

சில நாள் சாயங்காலம் பால் வாங்கப் போகும்போது, "சில்லறை இல்லியே" என்று சொல்லத்தான் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்திருப்பாள். அவள் குரல் அவளுக்கே கரகரவென்று கேட்கும்.

ஆடி மாதம் ஒரு காலையில் குப்புசாமி என்ற பெயரில் ஒரு கணக்கு வந்தது. வேன் ஒன்றின் முன்பக்கம்தான் முகப்புப் படம். பழைய கணக்கு. முன்பெல்லாம் மலைப்பாதைகள், கோயில் வாசல்கள், டோல்கேட் வரிசைகள் என்று படம் போட்டிருந்தது. பிறகு நீண்ட இடைவெளி. இப்போது சில மாதங்களாக ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எழுதியிருந்தது.

சாப்டீங்களா.

யார் எதைப் போட்டிருந்தாலும் அதுதான். புது லாரிக்குப் பூஜை போட்ட படத்துக்குக் கீழே சாப்டீங்களா. அரசியல் சண்டைக்கு நடுவே சாப்டீங்களா. குழந்தைக்குக் காய்ச்சல், நல்ல டாக்டர் யாராவது சொல்லுங்கள் என்று ஒரு தாய் கேட்டிருந்தாள், அவளுக்கும் அதே வார்த்தை. தினமும் காலை, மதியம், இரவு என்று ஒரே நேரங்களில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளியில், எழுத்துக்கூட மாறாமல் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. கைவிடப்பட்ட கணக்கை யாரோ திருடி இயந்திரத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். இதை விடத் தெளிவான வழக்கு அந்த வாரத்தில் வரவில்லை. ஆள் இல்லை என்று அழுத்தினாள். கணக்கு முடங்கியது. அடுத்த கணக்கு வந்தது.

நாலைந்து நாள் கழித்து அதே பெயர் மேல்முறையீட்டு வரிசையில் வந்து நின்றது. வேறொருவர் பார்க்க வேண்டியதுதான், ஆனால் தமிழ்க் குழு சிறியது. யார் கையில் வருகிறதோ அவர்கள் பார்ப்பது என்று ஆகிவிட்டிருந்தது.

கணக்கு முடங்கியவர் தான் நிஜ ஆள்தான் என்று காட்ட ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். திரையில் சில எண்கள் வரும். அவற்றை உரக்கப் படித்தபடி தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். 'மனிதர்தான் என்பதை உறுதிசெய்க' என்று மேலே எழுதியிருக்கும். சங்கரி வீடியோவை ஓடவிட்டாள்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர். சவரம் செய்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டு, போட்டோ பிடிக்கத் தயாரானவர்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயின் வலதுபக்கம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. போனைப் பிடித்திருப்பது வேறொருவர் என்பது படத்தின் ஆட்டத்தில் தெரிந்தது.

"நம்பரு வருது பாருங்க. மூணு, ஏழு... படிங்க" என்றது ஒரு பெண்குரல்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். உதடு முயன்றது.

"சாப்டீங்களா" என்றார்.

"அது இல்லீங்க. மூணு. மூணு சொல்லுங்க."

"சாப்டீங்களா." இந்த முறை சத்தமாக, கொஞ்சம் கோபமாக.

"அய்யோ, மூணு சொல்லுங்களேன்..." பெண்குரல் உடைந்தது. அவர் இடது கையைத் தூக்கிக் கேமராவை நோக்கி நீட்டி, கெஞ்சுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "சாப்... டீங்களா." அதோடு வீடியோ முடிந்தது.

சங்கரி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தக் குரல் காதுக்குள் நேராகச் சொன்னது போலிருந்தது. பிறகு திரும்ப மாட்டிக்கொண்டு விமல்ராஜைக் கூப்பிட்டாள்.

"ஒரு கேஸ் விமல். இது நிஜ ஆளு. ஸ்ட்ரோக் வந்தவரு மாதிரி இருக்குது. பேச்சு வரல."

அவன் வீடியோவை அவன் பக்கம் ஓடவிட்டுப் பார்த்தான்.

"பாவமா இருக்கு மேம். ஆனா நம்பர் படிக்கல. கூட இன்னொருத்தர் ஆபரேட் பண்றாங்க. யாரோ ஒருத்தர் ஒரு நோயாளிய முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டு கணக்க ஓட்டலாம்ல? போன மாசம் அப்படி ஒண்ணு வந்துச்சே. ரூல்படி ரிஜெக்ட்தான்."

"ஆமா" என்றாள். அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த வழக்கை அவளும் பார்த்திருந்தாள். நிராகரி என்பதை அழுத்தினாள்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அவளே இரண்டு முறை அழுத்தி ஒரு மனிதரை இல்லை என்று சொல்லியிருக்கிறாள் என்பது மட்டுமில்லை காரணம். வீடியோவில் அவர் தலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. அதில் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரமும், அதற்கு முன்னால் கல்யாண மண்டபம் ஒன்றின் ரோஸ் நிறத் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. அந்தத் தொட்டியைத் துணி காயப்போடும்போதெல்லாம் மொட்டை மாடியிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தோ வந்த வழக்கில்லை அது. தொட்டிக்கு அந்தப் பக்கம், நடந்து போகிற தூரம்.

வழக்கில் வருகிறவர்களைத் தேடிப் போகக்கூடாது, பேசக்கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சும்மா நடந்துவிட்டு வரலாம் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு தெருக்கள். முதல் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு நூலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நடந்து இரண்டாம் தெருவுக்குள் திரும்பியதும் ஒரு வீட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது. வீடியோவில் கேட்ட அதே பெண்குரல்.

"அரை லிட்டரா, ஒரு லிட்டரா? பாத்திரம் எடுத்துக்கினு வந்தியா, கவர்ல ஊத்தட்டுமா?"

'இட்லி தோசை மாவு கிடைக்கும்' என்று சாக்பீஸில் எழுதிய பலகை கதவில் தொங்கியது. முன்னால் நின்றவர் மாவை வாங்கிக்கொண்டு போனதும் சங்கரி படியேறினாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கதவை ஒட்டி உள்ளே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்று சவரம் செய்திருக்கவில்லை.

அவளைப் பார்த்ததும் முகத்தை நிமிர்த்தினார். "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

யாரும் அப்படி நேராகப் பார்த்துத் தன்னைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சங்கரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "இன்னும் இல்லண்ணே" என்றாள். "இனிமேதான்."

அவர் தலையை ஆட்டினார். பதில் கிடைத்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

"நீ ஒண்ணும் நெனச்சுக்காதம்மா" என்றபடி கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். "அவுருக்கு அது ஒண்ணுதான் வரும். உனக்கு இன்னா, ஒரு லிட்டரா?"

அப்படித்தான் தேவகி அவளுக்குப் பழக்கமானாள். ஒரு ஆள் சாப்பிடுகிற வீட்டுக்கு எவ்வளவு மாவு தேவைப்படும்? ஆனாலும் அந்த வாரம் சங்கரி மூன்று தடவை போனாள். மாவு புளித்து வழிந்தது. பிறகு கொஞ்சமாக வாங்கிக்கொண்டு நிறைய நேரம் நின்றாள். தேவகிக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது.

"டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கினு இருந்தாரும்மா. ஆறுபடை வீடு, சபரிமலை, எல்லா ரோடும் அத்துப்படி. பழனியில ஒருத்தன் இருப்பான், ராமேஸ்வரத்துல ஒருத்தன் இருப்பான், போற எடமெல்லாம் சிநேகிதம். போன வருசம் திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில வண்டிய ஓரங்கட்டினவரு, அப்படியே சாஞ்சிட்டாரு. ஓட்டிக்கினு இருக்கும்போது வராம, நிறுத்தினப்புறம் வந்துது பாரு, உள்ள இருந்த சனம் பொழச்சுது." தேவகி கிரைண்டருக்குள் கையை விட்டு மாவைத் தள்ளினாள். "மூளையில வார்த்தைங்க இருக்கற எடம் அடிபட்டுப் பூட்சுன்னாரு டாக்டரு. எவ்ளோ பேசின வாயி. ஒண்ணே ஒண்ணுதான் தங்குச்சு."

"எல்லாத்துக்கும் அதேதானாக்கா?"

"எல்லாத்துக்கும். தண்ணி வோணும்னாலும் அதான், கோவம்னாலும் அதான். எம்மேல பாசமா இருந்தாலும் அதான். கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியும் எது எதுன்னு."

சங்கரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த வார்த்தையின் கடைசியில் குரல் ஏறினால் கேள்வி. இறங்கினால் வலி. இழுத்துச் சொன்னால் கழிவறைக்குப் போக வேண்டும். வாசலில் புது ஆள் வந்து நின்றால் அது வெறும் உபசாரம், பழைய வேன் டிரைவரின் உபசாரம்.

கணக்கைப் பற்றி அவளாகக் கேட்கவில்லை. தேவகியேதான் ஒருநாள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். சின்ன மச்சினன் மகன் ஒருவன் அவருக்கு அதில் பழக்கிக் கொடுத்திருந்தானாம். கமெண்ட் போடுகிற இடத்தைத் தொட்டாலே போன் தானாக அந்த வார்த்தையை எடுத்துக் காட்டும். இடது கட்டைவிரலால் அதைத் தட்டிவிட்டு, தட்டும்போது வாயாலும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் போவார். மூன்று வேளையும் சாப்பாடு ஊட்டி முடித்ததும் தேவகி போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மாவரைக்கப் போய்விடுவாள். கிரைண்டர் நிற்கும்வரை அவர் தட்டிக்கொண்டிருப்பார்.

ஒரே நேரங்கள், ஒரே இடைவெளி, எழுத்து மாறாத ஒரே வார்த்தை. சங்கரி மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கூட வண்டி ஓட்டினவங்கள்லாம் பதில் போடுவாங்கம்மா. சாப்டேன் அண்ணே, நீங்க சாப்டீங்களான்னு. தெரியாதவங்ககூடப் போடுவாங்க. படிக்க வராது அவுருக்கு இப்போ, ஆனா பதிலு வந்துதுன்னா தெரியும். அதப் பாத்துக்கினு சிரிப்பாரு." தேவகி குரலைத் தாழ்த்தினாள். "அது நின்னு போனதுல இருந்து ராவெல்லாம் தூங்கறதில்ல. சோத்தத் தட்டிவிட்றாரு. ஏதோ வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினேன். ஆள் இல்லேன்னுட்டாங்க. கண்ணு முன்னாடி உக்காந்துக்கினு இருக்கற மனுசன ஆள் இல்லேன்றாங்களே, அவுங்களுக்குக் கண்ணு இருக்குதா? நீ படிச்ச பொண்ணு, இன்னான்னு பாரேன்."

போன் திரையில் அந்தச் செய்தி இருந்தது. சங்கரிக்கு மனப்பாடமான செய்தி. இந்தப் பக்கத்திலிருந்து அவள் அதைப் பார்த்ததே இல்லை. கீழே, இன்னும் ஒரே ஒரு முறை முறையிடலாம் என்று இருந்தது.

குப்புசாமி நாற்காலியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்டீங்களா" என்றார். கடைசியில் குரல் இறங்கியது.

"டாக்டர் எழுதிக் கொடுத்தது எதனா இருக்குதாக்கா?" என்று கேட்டாள் சங்கரி. "எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பலாம். ரெண்டு நாள் பொறுத்து நானே வந்து அனுப்பிக் கொடுக்கறேன்."

இரண்டு நாள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சாதாரணமாக அனுப்பினால் அது மறுபடி வீடியோ கேட்கும், அவர் மறுபடி தோற்பார், கணக்கு நிரந்தரமாக அழியும். உடல் குறை உள்ளவர்களின் வழக்கைத் தனியாகப் பார்க்க மேலே ஒரு பிரிவு இருந்தது. குழுத் தலைவன் அனுப்பினால்தான் அங்கே போகும். அனுப்பும்போது, பரிசோதகர் இதை எப்படி உறுதியாக அறிந்தார் என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்.

மறுநாள் அவள் விமல்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் மியூட் போடச் சொல்லவில்லை.

"நீங்க அவங்க வீட்டுக்கே போனீங்களா?" என்றான் கடைசியில்.

"போனேன்."

"மேம்... இத நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது." பெருமூச்சு கேட்டது. "சரி. நான் ஒண்ணு சொல்றேன். வீடியோ பாத்தே சந்தேகம் வந்துச்சுன்னு எழுதுங்க. போனத எழுதாதீங்க."

"அத எழுதினா அவங்க ஒத்துக்குவாங்களா?"

அவன் யோசித்தான். "மாட்டாங்க. வீடியோவ ஏற்கெனவே ரிஜெக்ட் பண்ணியாச்சு. நாமளே பண்ணது. புதுசா என்ன தெரிஞ்சுச்சுன்னு கேப்பாங்க."

"அப்போ போனத எழுதித்தான் ஆவணும்."

"உங்க வேலை போயிடும்."

"தெரியும் விமல்."

தெரியும் என்று சொன்னபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. தைரியசாலி என்று அவளை யாரும் சொன்னதில்லை. கல்யாணம் முறிந்தபோதுகூடக் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். படிவத்தில் அந்தக் கேள்விக்கான கட்டத்தில், 'நான் நேரில் சென்று பார்த்தேன். இவர் மனிதர். பக்கவாதத்தால் இவருக்கு ஒரு வார்த்தை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதை எல்லோரிடமும் சொல்கிறார்' என்று எழுதினாள். அடித்துவிட்டு மறுபடி எழுதப் பார்த்தாள். வேறெப்படியும் வரவில்லை. அப்படியே விமல்ராஜ் வழியாக மேலே அனுப்பினாள். சாயங்காலம் தேவகி வீட்டுக்குப் போய் டாக்டர் காகிதங்களைப் படமெடுத்து அவர்கள் போனிலிருந்தும் அனுப்பிக் கொடுத்தாள். எதற்காக இத்தனை மெனக்கெடுகிறாள் என்று தேவகி கேட்கவில்லை. கொஞ்சம் கூடுதலாக மாவை ஊற்றினாள்.

அடுத்த வாரம் காலையில் லேப்டாப்பைத் திறந்தபோது கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மறுபடி அடித்தாள். 'இப்பெயரில் கணக்கு எதுவும் இல்லை' என்றது. கொஞ்ச நேரத்தில் விமல்ராஜ் அவனுடைய சொந்த எண்ணிலிருந்து அழைத்தான். தன்னால் முடிந்தவரை பேசிப் பார்த்ததாகவும், லேப்டாப்பை எடுத்துக்கொள்ள கூரியர் ஆள் வருவான் என்றும் சொன்னான். பிறகு, "அவர் கணக்கு நேத்து திறந்துட்டாங்க மேம்" என்றான். "அத நானே உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

கூரியர்காரன் வந்து வாங்கிக்கொண்டு போனதும் மேஜை பெரிதாகிவிட்டது போலிருந்தது. சங்கரி முகம் கழுவி, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துத் தெருவுக்குப் போனாள். நடை வேகமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

வாசலில் நாலைந்து பேர் மாவுக்கு நின்றிருந்தார்கள். தேவகி அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள். "வந்துட்சும்மா! திறந்துட்டாங்க! நேத்துல இருந்து கீழ வெக்கல. பழனிக்காரரு வீடியோ கால்லயே வந்துட்டாரு. அண்ணே எங்க பூட்டீங்க, ஒரு மாசமா சோறு எறங்கலன்னு அழுவறாரு. நான் சொன்னேன்ல, நீ கைராசிக்காரி!" அதற்குள் யாரோ சில்லறை கேட்டார்கள். அவள் திரும்பிக்கொண்டாள்.

குப்புசாமி தன் இடத்தில்தான் இருந்தார். சவரம் செய்திருந்தார். ஸ்டாண்டில் போன். கட்டைவிரல் தொட்டது, தட்டியது, தள்ளியது. ஒவ்வொரு முறையும் உதடு அசைந்தது. இழுத்துக்கொண்ட வாயில் பாதிச் சிரிப்பு. சங்கரி அவர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே" என்றாள்.

அவர் நிமிரவில்லை. திரையில் ஒரு பதில் வந்து விழுந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். ஊரெல்லாம் அவருக்காகக் காத்திருந்தது. அவள் யார் என்று அவருக்குத் தெரியவேண்டிய அவசியம் எதுவுமில்லை. மாவு வாங்க வருகிற ஒரு பெண். இத்தனை நாள் போன் இல்லாததால்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

சங்கரிக்கு அழுகை வரவில்லை. மாறாக, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவளைப்போல இருந்தது. சந்தோஷம்தான், கை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது. மாவு வாங்காமலே படியிறங்கினாள். கூட்டத்தில் தேவகி அதைக் கவனிக்கவில்லை.

மாடியேறி வந்து கொஞ்ச நேரம் மேஜை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. தெரியாத எண். லோன் வேண்டுமா என்று கேட்பார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"சங்கரி அக்காவா? நான் லில்லி பேசுதேன். டீம்ல உங்க பேரக் காணல. பயந்துட்டேன். விமல் சார்ட்ட கேட்டுக் கேட்டு நம்பர் வாங்குனேன். ரூல்படி குடுக்கக்கூடாதாம், ரொம்ப யோசிச்சுத்தான் குடுத்தாரு."

"வேலய விட்டு எடுத்துட்டாங்க லில்லி."

"ஏன்க்கா?"

சங்கரி சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சுருக்கமாகத்தான் சொன்னாள். லில்லி குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததில் கதை நீண்டது. அந்தத் தண்ணீர்த் தொட்டி, கிரைண்டர், ஏறுகிற கடைசி, இறங்குகிற கடைசி எல்லாம் வந்தது. சொல்லி முடிக்கும்போது காது சூடாகியிருந்தது.

"நானா இருந்தா போயிருக்க மாட்டேன்க்கா" என்றாள் லில்லி. "பயமா இருந்திருக்கும். ரெண்டு வருசமா நானும் ரூம விட்டு வெளிய போறதே இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் போவேன், அதுவும் பின்னாடி பெஞ்சு. அம்மா ரொம்பத்தான் ஏசுவாவ."

போனை வைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

"அது என்னக்கா, உங்க பக்கம் டக்டக்குனு கேக்குது?"

"தறி. கீழ் வீட்ல நெய்யறாங்க."

"நான் பாத்ததே இல்லக்கா. காஞ்சிபுரமே பாத்ததில்ல."

"வாயேன். இங்கயே தங்கிக்கலாம். ஒரு ரூம்தான், ஆனா மொட்டை மாடி இருக்குது."

"வாரேன்க்கா. கண்டிப்பா வாரேன்" என்றாள் லில்லி.

பேசி வைத்த பிறகும் சங்கரி அந்த 'வாரேன்' என்ற சொல்லையே திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் கணக்குகளைப் பார்த்த மாத்திரத்தில் நிஜம், பொய் என்று பிரித்தவள். லில்லி நிஜமாகவே சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கிற விஷயமா அது.

வெயில் தாழ்ந்ததும் கடைத்தெருவுக்குப் போனாள். பட்டுக்கடை ஒன்றில் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததை நின்று படித்தாள். பிறகு ரோட்டைத் தாண்டி, பாய் தலையணைக் கடையில் கொஞ்ச நேரம் பொறுக்கிப் பார்த்து, பூப்போட்ட உறையோடு ஒரு தலையணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.